நாலாவது கூடுதல் தாள்

மதியம் ஒன்றே முக்காலுக்கு மகள் வீட்டுக்குள் நுழைந்து, செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு, "முடிஞ்சுதும்மா!" என்று போட்ட சத்தத்தில் டெய்லரம்மாவின் கையிலிருந்த பள்ளிச் சீருடை இரண்டு அங்குலம் விலகி, தையல் கோணிக்கொண்டு ஓடியது. வேறு நாளாக இருந்திருந்தால் சத்தம் போட்டவளுக்குத் திட்டு விழுந்திருக்கும். இன்றைக்கு டெய்லரம்மா மிஷினை விட்டு எழுந்து வந்து மகளின் முகத்தைத்தான் பார்த்தாள். போன இரண்டு தடவையும் இந்தப் பெண் இதே வாசலில் எப்படி வந்து நின்றாள் என்று அவளுக்குத் தெரியும். அந்த முகம் இது இல்லை.

பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. தெருவில் அதை யாரும் சொல்வதில்லை. மூன்று வருஷப் படிப்பில் முப்பது பேப்பர் எழுதி இருபத்தொன்பதைத் தாண்டிவிட்டு, புள்ளியியல் என்ற ஒரே பேப்பரில் இரண்டு தடவை குப்புற விழுந்தவள் என்பதால், 'ஸ்டாட்ஸ்' என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. மளிகைக் கடைக்காரர்கூட, "ஸ்டாட்ஸ் வந்தா இந்தச் சோப்பைக் கொடுத்து அனுப்பறேன்" என்பார். கேலியா, செல்லமா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மூன்றாவது தடவை எழுதப் போகிறாள் என்றதும் அந்தக் கட்டடமே ஒரு மாதமாக நுனிக்காலில் நடந்தது. மாடி வீட்டு அக்கா டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். சும்மா குறைக்கவில்லை, குறைத்துவிட்டுப் படியிறங்கி வந்து, "டிவியைக் குறைச்சிட்டேன், நல்லா படிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சொல்லிவிட்டுப் போவது முக்கால் மணி நேரம் நடக்கும்.

இந்தத் தடவை எல்லாரும் இவ்வளவு பொறுத்துப் போனதற்குக் காரணம் உண்டு. பாடத்திட்டம் மாறுகிறது. பழைய பாடத்தில் எழுத இதுதான் கடைசி வாய்ப்பு. இதில் போனால் புதுப் பாடத்தில் ஆறு பேப்பரைப் புதிதாக உட்கார்ந்து எழுத வேண்டும். ஒரு பேப்பருக்கே மூன்று தடவை ஆனவளுக்கு ஆறு பேப்பர் என்றால் அது எந்தக் காலத்தில் முடியும் என்று மாடி வீட்டு அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்து, பேத்தி எடுக்கிற வயது வரைக்கும் வந்து, சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அதோடு ஒரு வேலையும் காத்திருந்தது. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நேர்காணலுக்குப் போய், அவர்களுக்குப் பிடித்துப்போய், கடிதமே கொடுத்திருந்தார்கள். தேர்ச்சிச் சான்றிதழோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் இந்தக் கடிதம் செல்லாது என்று கடைசி வரியில் இருந்தது. அப்பாக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சந்தோஷத்தில் அந்தக் கடிதத்தை உடனே கொண்டுபோய் லேமினேஷன் போட்டுவிட்டார். 'இல்லாவிட்டால்' என்ற வரிக்கும் சேர்த்துத்தான் பளபளப்பு ஏறியிருந்தது. "ஊரையே மேலே ஏத்தி விடறவர், சொந்தப் பொண்ணை மட்டும் ஒரு மாடி ஏத்த முடியலையே" என்று அவர் காதுபடவே சொன்ன ஆட்கள் இருக்கிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். வேறு என்ன செய்ய?

"எல்லாம் எழுதினியா?" என்றாள் டெய்லரம்மா.

"எல்லாம்." மகள் தண்ணீரைச் செம்போடு அண்ணாந்து குடித்துவிட்டு, வாயைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "கடைசியில ஒரு பெரிய கேள்வி இருக்கும்னு சொல்லுவேனே, நேத்து நான் போட்டுப் பார்த்தது அப்படியே வந்திருந்துச்சு. ஒரு தாள், முன்னாலயும் பின்னாலயும், ஒரு அடித்தல் இல்லை."

"நேரம் பத்துச்சா?"

"அதெல்லாம் பத்து நிமிஷம் மிச்சம். நாலு அடிஷனல் ஷீட் வாங்கினேன். கட்டினேனா, ஒரு ஓரம் வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது. எனக்கு அதைப் பார்க்கவே முடியலை. பிரிச்சு, தட்டி, நேராக்கித் திரும்பக் கட்டினேன். அதுக்குள்ள பெல்லு. மேடம் வந்து, 'என்னம்மா, பூவா கட்டறே?'ன்னு கையிலிருந்து பிடுங்காத குறை." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "உன் பொண்ணாச்சே."

டெய்லரம்மாவுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. அந்த வீட்டில் எந்தக் குற்றத்துக்கும் மன்னிப்பு உண்டு, கோணல் தையலுக்கு மட்டும் கிடையாது. பக்கத்துத் தெருவில் மூன்று டெய்லர் இருந்தும் இவளிடம் கூட்டம் வருவதற்கு அதுதான் காரணம். வந்த கூட்டம் எரிச்சலோடு காத்திருப்பதற்கும் அதுவே காரணம். வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போதே, முடிந்துபோன காற்சட்டை விளிம்பை ஒரு நூலிழை தப்பு என்று பிரித்துப் போட்டு மறுபடி உட்காருவாள். "யாரும்மா குனிஞ்சு பார்க்கப் போறாங்க?" என்று கெஞ்சினாலும் கேட்க மாட்டாள். மகளுக்கு ஏழு வயதில் அவள் கற்றுக்கொடுத்த முதல் வேலை தைப்பது இல்லை, பிரிப்பது. துணி நோகாமல், நூல் அறுந்து உள்ளே நிற்காமல், பொறுமையாகப் பிரிப்பது. அதைத்தான் பெண் பரீட்சை அறையிலும் செய்திருக்கிறாள்.

தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, "அந்தப் பையை என் கண்ணுல படாத இடத்துல போட்டுடு" என்று சொன்ன மகள், மெத்தைக்குப் போகவில்லை. துணி வெட்டும் பலகைக்குப் பக்கத்தில் குவிந்திருந்த வெட்டுத் துண்டுகளின் மேலேயே சாய்ந்து, அடுத்த நிமிஷம் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வலது கையின் நடுவிரலில் பேனா அழுந்திய இடம் குழிந்து சிவந்திருந்தது. ஒரு மாதமாக இந்தப் பெண் இப்படித் தூங்கி டெய்லரம்மா பார்க்கவில்லை. மிஷினை மிதித்தால் எழுந்துவிடுவாளோ என்று, மிதிக்காமல் செய்கிற வேலை ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். பை கண்ணில் பட்டது. மூன்று மாதமாக அதன் ஜிப் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. ஊருக்கெல்லாம் ஜிப் போடுகிறவளுக்குச் சொந்த மகளின் பைக்கு நேரம் வரவில்லை.

பையைத் தலைகீழாகத் தட்டினாள். இரண்டு பேனா, ஒரு அளவுகோல், நசுங்கிய தண்ணீர்ப் புட்டி, அடையாள அட்டை, நாலாக மடித்த கேள்வித்தாள். கேள்வித்தாள் ஒரு தாளுக்கான தடிமனில் இல்லை. விரல் வைத்ததுமே தெரிந்தது. துணியில் ஒற்றை மடிப்பா இரட்டை மடிப்பா என்பது அந்த விரலுக்குத் தெரியாமல் போகுமா? பிரித்தாள். உள்ளே இன்னொரு தாள். மகளின் கையெழுத்து, எண்கள், ஒரு படம், அடியில் கோடு போட்ட விடை. முதலில், போட்டுப் பார்த்த தாள் என்றுதான் நினைத்தாள். வீட்டில் அப்படி ஆயிரம் கிடக்கின்றன. மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டும் அளவுக்குக் கிடக்கின்றன. ஆனால் போட்டுப் பார்த்த தாளின் தலையில் கல்லூரி முத்திரை இருக்காது. 'கூடுதல் விடைத்தாள்' என்று அச்சடித்திருக்காது. பச்சை மையில் யாரோ சுருக்கொப்பம் போட்டிருக்க மாட்டார்கள். ஒரு சின்னக் கட்டத்துக்குள் 4 என்று எழுதியிருக்காது.

இடது மூலையில் ஒரு துளை. வட்டமாக இருந்த துளை ஒரு பக்கம் இழுபட்டு நீண்டிருந்தது. நூல் போய், இறுகி, திரும்ப வெளியே வந்த துளை. படிக்கத் தெரியாத புள்ளியியலை விட்டுவிட்டு அந்த ஓட்டையைத்தான் டெய்லரம்மா படித்தாள். கோணலாக இருக்கிறது என்று பிரித்திருக்கிறாள். கடைசித் தாளைத் தனியாக எடுத்துக் கேள்வித்தாளின் மேல் வைத்திருக்கிறாள். மற்றதைத் தட்டி நேராக்கியிருக்கிறாள். மணி அடித்திருக்கிறது. மேடம் நிற்கிறார். கட்டிக் கொடுத்துவிட்டு, கேள்வித்தாளை மடித்துப் பையில் போட்டிருக்கிறாள். ஒரு அடித்தல் இல்லாத தாள் அது. முன்னாலும் பின்னாலும்.

மகளை எழுப்பக் கை நீட்டியவள், தோளுக்கு நாலு விரல் மேலேயே கையை நிறுத்திக்கொண்டாள். எழுப்பி? எழுப்பிச் சொன்னால் இந்தப் பெண் என்ன செய்யும்? ஓடும். ஓடி, அழுது, கால் தடுக்கி விழும். எழுப்பாமலே காரியம் முடிந்துவிட்டால், பிறகு ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். புருஷனுக்குப் போன் போட்டாள். லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் அவருக்கும் உலகத்துக்கும் தொடர்பு கிடையாது. ஒரு பெண் குரல் மரியாதையாக அதைத்தான் சொன்னது. மணி மூன்றேகால். தாளைக் கைப்பைக்குள் வைத்து, வைத்ததை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

படிக்கட்டில் மாடி வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் எப்போதும் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கிற மாதிரிதான் இருக்கும். உண்மையில் உட்கார்ந்துதான் இருப்பார்.

"ஸ்டாட்ஸ் வந்தாச்சு போலிருக்கே. செருப்பு ரெண்டும் ரெண்டு மூலையில கிடக்கு. சந்தோஷத்துல கழட்டினதா, துக்கத்துல கழட்டினதா?"

"நல்லா எழுதியிருக்காக்கா. தூங்கறா."

"அப்பாடா. அப்ப நான் டிவியைக் கூட்டிக்கலாமா?"

"கூட்டிக்கோங்கக்கா." ஒரு படி இறங்கியவள் நின்றாள். "அக்கா, உங்க மாப்பிள்ளை வாத்தியார்தானே. பரீட்சையில கொடுக்கிற தாளை வெளியே கொண்டு வந்தா என்ன பண்ணுவாங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"எதுக்கு? யாரு கொண்டு வந்தா?" அக்காவின் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"சும்மா. தைக்கக் கொடுத்தவங்க யாரோ பேசிக்கிட்டிருந்தாங்க."

"சும்மா யாரும் அப்படிப் பேச மாட்டாங்களே" என்று அக்கா ஆரம்பிப்பதற்குள் டெய்லரம்மா தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

பேருந்தில் பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் அவள் பேச வேண்டியதை வெட்டித் தைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். 'சார், என் பொண்ணு தெரியாம' என்று ஆரம்பிப்பதா, 'மேடம் அவசரப்படுத்தினதால' என்று ஆரம்பிப்பதா? இரண்டாவது சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கும். முதலாவதில் 'தெரியாம' என்பதை யார் நம்புவார்கள்? கல்லூரி வாசலில் ஒரே கூச்சல். கடைசிப் பரீட்சை முடித்த பிள்ளைகள் ஒருவர் சட்டையில் ஒருவர் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையனின் வெள்ளைச் சட்டை முதுகில் எழுத இடமில்லாமல் ஒருத்தி காலரைத் தூக்கி எழுதிக்கொண்டிருந்தாள். அந்த மை எத்தனை அலசினாலும் போகாது என்று இந்த நேரத்திலும் டெய்லரம்மாவுக்குத் தோன்றியது.

காவலாளி அவளைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார். "வந்துட்டீங்களா! போங்கம்மா, போங்க, மேலே கத்திக்கிட்டிருக்காங்க. மாடியேறி ரெண்டாவது ரூம்."

தான் வருவது இவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் திகைத்தாள். விஷயம் அதற்குள் வெளியாகிவிட்டதா? மகளைத் தேடுகிறார்களா? கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான் மாடி ஏறினாள். இரண்டாவது அறைக்குள் அவள் தலையை நீட்டியதும், பெரிய மேஜைக்குப் பின்னாலிருந்த கிளார்க், "டெய்லர் வந்தாச்சு சார்!" என்று உரக்கச் சொன்னார். அப்போதுதான் டெய்லரம்மா குனிந்து பார்த்தாள். அளவு டேப் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பேருந்து முழுக்க அப்படியே வந்திருக்கிறாள்.

மேஜை மேல் எட்டு விடைத்தாள் கட்டுகள். ஒவ்வொன்றையும் முரட்டு வெள்ளைத் துணியில் சுற்றி, வாயைத் தைத்து, அரக்கு முத்திரை வைத்து, திருத்தும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். வழக்கமாகத் தைக்கிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார். கிளார்க் தானே கோணி ஊசியை எடுத்து ஐந்து கட்டுகளைத் தைத்து முடித்ததில், கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தைத்தது எப்படி இருந்தது என்று சொல்லாமல் இருப்பதே மரியாதை. எதிர்க் கடை டெய்லருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்களாம்.

"நாலரைக்கு வண்டி வந்துடும்மா. மூணே மூணுதான். சீக்கிரம் போட்டுக் கொடுத்துடுங்க" என்றார் பரீட்சைப் பொறுப்பாளர். நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் நாலு நிறப் பேனா. தேநீர்க் கோப்பையைப் பழைய கேள்வித்தாளால் மூடி வைத்து, அதை மறந்தும்போயிருந்தார்.

நான் அந்த டெய்லர் இல்லை என்று சொல்ல டெய்லரம்மா வாயைத் திறந்தாள். கிளார்க் ஊசியை நீட்டினார். பதினெட்டு வருஷமாக யாராவது ஊசியை நீட்டினால் வாங்கித்தான் பழக்கம். வாங்கிக்கொண்டாள். கைப்பை மடியில் இருந்தது. முதல் கட்டைத் தைத்து முடிக்கும் வரை எப்படி ஆரம்பிப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது கட்டில் பாதிக்கு வந்தபோது, தலையைத் தூக்காமலே கேட்டுவிட்டாள்.

"சார், எழுதின தாள் ஒண்ணை யாராவது மறந்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா என்ன சார் பண்ணுவீங்க?"

பொறுப்பாளர் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே சிரித்தார். "அதெல்லாம் நடக்கும்மா. போன வருஷம் ஒரு பையன் அப்படித்தான். அவங்க அப்பா கையோட கொண்டு வந்து கொடுத்தார். ரொம்ப நல்ல மனுஷன், கண்ணுல தண்ணி. வெளியே போன தாளை நாங்க வாங்கிச் சேர்க்க முடியுமா? எழுதி மேலே அனுப்பினோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? விசாரணை. மூணு தடவை பரீட்சையே எழுதக் கூடாதுன்னு தடை போட்டாங்க. அந்த மனுஷன் பேசாம வீட்டுல இருந்திருந்தா அந்தக் கேள்விக்கு மார்க் போயிருக்கும், அவ்வளவுதான்."

"முன்பக்கம் எத்தனை தாள்னு எழுதியிருப்பாங்களே சார். எண்ணிக்கை இடிக்காதா?"

"திருத்துறவர் கவனிச்சா இடிக்கும். முந்நூறு பேப்பர் திருத்துறவருக்கு அதுக்கெல்லாம் எங்கே நேரம்?" அவர் தலையைத் தூக்கினார். "உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"எல்லாரும் பேசிக்கிறதுதான் சார்."

அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். மடியிலிருந்த கைப்பையையும் பார்த்தார் என்று அவளுக்குத் தோன்றியது. ஏதோ கேட்கப் போகிறவர் மாதிரி பேனாவை மூடினார். பிறகு, "நீங்க தைங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பிக்கொண்டார். அது தெரியாமல் சொன்னதா, தெரிந்து சொன்னதா என்று டெய்லரம்மாவுக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. நல்ல மனிதர் என்று மட்டும் தெரிந்தது. நல்ல மனிதராக இருப்பதால் ஒரு காரியமும் ஆகப்போவதில்லை என்பதும் தெரிந்தது.

மூன்றாவது கட்டு அதுதான். துணியில் ஒட்டியிருந்த சீட்டில் பாடத்தின் பெயரும், எந்தப் பதிவு எண்ணிலிருந்து எந்தப் பதிவு எண் வரை என்றும் எழுதியிருந்தது. மகளின் எண் அவளுக்கு மனப்பாடம். மிஷினுக்கு மேலே சுவரில் சாக்குக்கட்டியால் எழுதி வைத்து ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த எண். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் அது இருந்தது. கிளார்க் அரக்கு உருக்க மெழுகுவர்த்தி தேடி அடுத்த அறைக்குப் போனார். பொறுப்பாளருக்குப் போன் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று சத்தமாக விசாரித்தார்.

துணியின் வாய் திறந்திருந்தது. உள்ளே விடைத்தாள்களின் ஓரங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் வெள்ளை நூல் வால் ஒன்று தொங்கியது. சிலது நீளமாக, சிலது முடிச்சு முடிச்சாக. மேலிருந்து மூன்று விரல் கீழே ஒன்றுக்கு மட்டும் வால் இல்லை. நூலை முடிச்சுக்கு ஒட்டப் பல்லால் கடித்து எடுத்திருந்தது. தாள்கள் நாலு பக்கமும் ஒரே சீராக, இஸ்திரி போட்ட மாதிரி இருந்தன. முகம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கூட்டத்தில் முதுகைப் பார்த்தே பெற்ற பிள்ளையைத் தெரிந்துகொள்வதில்லையா, அப்படித்தான் தெரிந்தது.

கை கைப்பைக்குள் போய்விட்டது. தாளின் மடிப்பு விரலில் பட்டது. செருகிவிட ஒரு நொடி போதும். ஆனால் எதற்குள் செருகுவது? கட்டின நூலுக்குள் புகாது. சும்மா செருகினால் உதிரித் தாளாக விழும். மடித்த தடம் வேறு நாலாகத் தெரிகிறது. அங்கே கட்டைப் பிரிக்கிறவர் கையில் முதலில் வந்து விழுவது இதுதான். எங்கேயிருந்து வந்தது என்று கேட்பார்கள். மூன்று தடவை எழுதக் கூடாது என்பார்கள். இவளுக்கு அந்த மூன்று தடவை எங்கே இருக்கிறது, இதுதானே கடைசி? கட்டினதைப் பிரித்து, உள்ளே வைத்து, திரும்பக் கட்டவும் அவளுக்குத் தெரியும். இரண்டு நிமிஷம் கொடுத்தால் போதும். உலகத்தில் எந்த வாத்தியாரும் கண்டுபிடிக்க முடியாதபடி கட்டித் தருவாள். இரண்டு நிமிஷம் இல்லை. பக்கத்து அறையில் இழுப்பறை மூடும் சத்தம் கேட்டது. கை வெளியே வந்தது. வெறும் கைதான்.

கிளார்க் வந்தபோது அவள் துணியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து ஊசியை ஏற்றியிருந்தாள். அகலமாகப் போட வேண்டிய தையலை அவள் கை தானாகவே நெருக்கி நெருக்கிப் போட்டது. போனை வைத்துவிட்டு வந்த பொறுப்பாளர் பார்த்துவிட்டு, "ஐயோ, இவ்வளவு நெருக்கமா எதுக்கும்மா? அங்கே போனதும் பிளேடால ஒரே கிழி கிழிச்சுடுவாங்க" என்றார். அவள் மூலையில் முடிச்சுப் போட்டு நூலை அறுத்தாள். கிளார்க் அரக்கைச் சொட்டினார். சிவப்பாக விழுந்து, வழிந்து, முத்திரை பதிந்து, கெட்டியானது.

"டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார் பொறுப்பாளர். "உங்க வீட்டுல யாராவது படிக்கிறாங்களா?"

"ஒரு பொண்ணு சார்."

"என்ன படிக்கிறா?"

"இன்னிக்குத்தான் முடிச்சா சார்" என்று சொல்லிவிட்டு, டீக்கு நிற்காமல் வெளியே வந்தாள். அவள் படியிறங்கும்போது, கழுத்தில் டேப்போடு ஒரு ஆள் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவர் டேப்பை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே போய் அவர் என்ன கேட்டிருப்பார், இவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. வாசலில் வண்டி நின்றிருந்தது. அவள் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அது கட்டுகளை ஏற்றிக்கொண்டு, ஒலிப்பான் அடித்துக்கொண்டு, அவளைத் தாண்டிப் போனது. நல்ல வேகமாகத்தான் போனது.

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. புருஷன்.

"கூப்பிட்டிருந்தியா? குழிக்குள்ள இருந்தேன். என்ன, நல்லா எழுதியிருக்காளாமே?"

"யார் சொன்னா?"

"மேலே ஏறின உடனே மாடி வீட்டு அக்கா போன். டிவியைக் கூட்டி வெச்சிட்டேன்னு சொன்னாங்க." அவர் குரலில் சிரிப்பு வழிந்தது. "நீ எதுக்குக் கூப்பிட்டே?"

"அதைச் சொல்லத்தான்" என்றாள்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட நாற்காலியில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். சோப்பு வாசனை வீடு முழுக்க அடித்தது. தூங்கி எழுந்த கன்னத்தில் வெட்டுத் துண்டின் மடிப்பு ஒன்று இன்னும் பதிந்திருந்தது. மேலே டிவி ஒரு மாதத்துக்கும் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

"எங்கேம்மா போயிட்டே? மேலேயிருந்து அந்த ஆன்ட்டி வந்து, 'உங்கம்மா யாரையோ பத்திக் கேட்டுட்டு ஓடினா, யாரு அது'ன்னு என்னைத் துளைச்சு எடுத்துட்டாங்க. யாரைப் பத்திக் கேட்டே?"

"அவங்களுக்கு வேற வேலை என்ன? ஜிப் வாங்கப் போனேன்."

"வாங்கினியா?"

"அந்த நிறம் கிடைக்கலை." டெய்லரம்மா துண்டை எடுத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் போய் நின்றாள். பின்னால் நின்றால் முகம் தெரியாது. "இப்படியா ஈரத்தோட உட்கார்ந்திருக்கிறது? தலையைக் குனி."

மகள் குனிந்தாள். மிஷின் மேல் கிடந்த கேள்வித்தாளை எட்டி எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள். "இரு, மார்க் போட்டுப் பார்க்கிறேன். நாப்பது வந்தா போதும். சின்னக் கேள்வியெல்லாம் சேர்த்துப் பதினாலு. அது உறுதி. நடுவுல இருக்கிறதுல ஒண்ணு கொஞ்சம் சொதப்பிட்டேன். பதினேழு. பதினாலும் பதினேழும்?"

"முப்பத்தொண்ணு" என்றாள் டெய்லரம்மா. துணிக் கணக்கு போட்டுப் போட்டு அவளுக்குக் கூட்டல் காகிதம் இல்லாமல் வரும்.

"அப்புறம் நம்ம பெரிய கேள்வி. பதினைஞ்சுக்குப் பதிமூணு, கண்ணை மூடிக்கிட்டு. எவ்வளவு ஆச்சு?"

டெய்லரம்மா துண்டை மறுபக்கம் திருப்பினாள்.

"எவ்வளவும்மா?"

"நாப்பத்துநாலு."

"அவ்வளவுதான்! தாண்டியாச்சு!" பெண் நாற்காலியிலேயே ஒரு துள்ளு துள்ளினாள்.

"எல்லாத்துக்கும் குறைச்சுத்தானே போட்டிருக்கே?" என்று டெய்லரம்மா கேட்டாள். குரல் சாதாரணமாக வந்ததாகத்தான் அவளுக்குத் தோன்றியது. "நடுவுல இருக்கிறதுல இன்னும் நாலஞ்சு, ஒரு ஒம்பது, கூட வரலாம் இல்லே?"

"ஒம்பதா?" மகள் தலையைப் பின்னால் சாய்த்து அம்மாவைத் தலைகீழாகப் பார்த்துச் சிரித்தாள். "ஆசையைப் பாரு! அதெல்லாம் தாராளமா போட்டதும்மா. பெரிய கேள்வி இல்லேன்னா நான் காலிதான். விடு, அதான் எழுதியாச்சே. திரும்ப முதல்லேர்ந்து போடறேன், நீ சரியா கூட்டறியா பாரு. சின்னது பதினாலு..."

டெய்லரம்மா அவள் தலையை மெல்ல முன்னால் தள்ளிவிட்டு, துண்டால் அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள். மகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனாள். ஒரு தடவை நாற்பத்துநாலு வந்தது. இன்னொரு தடவை, நல்ல மனசோடு திருத்தினால் என்று சொல்லி நாற்பத்தாறுக்குக் கொண்டுபோனாள். மேலே டிவியில் யாரோ எதற்கோ கைதட்டினார்கள். மயிர்க்கால் வரைக்கும் சூடேறி, தலை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. "போதும்மா, வலிக்குது" என்று மகள் சொன்னாள். கை நிற்கவில்லை. துவட்டிக்கொண்டே இருந்தது.